“நேராக உட்கார்” என்று சொல்வதற்கு முன்

ஆறாம் வகுப்பில் ஒரு மாணவியின் அறிவியல் குறிப்பேட்டைத் திருத்தும்போது, அது யாருடையது என்று அறிய அட்டையைப் பார்க்க வேண்டியதே இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினால் போதும். ஒவ்வோர் எழுத்தும் புடைத்து நிற்கும். அவ்வளவு அழுத்தி எழுதுவாள். அரைப் பக்கம் முடிவதற்குள் கையை உதறத் தொடங்கிவிடுவாள். தேர்வில் விடை தெரிந்த வினாக்களைக்கூட எழுதி முடிக்க மாட்டாள். “அழுத்தாம எழுதும்மா” என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். “சரிங்க டீச்சர்” என்பாள். இரண்டு வரிகள் மென்மையாக வரும். மூன்றாவது வரியில் பழைய அழுத்தம் திரும்பிவிடும். கவனக்குறைவு என்று எண்ணி ஓரிரு முறை கடிந்தும் பேசியிருக்கிறேன்.

அதே ஆண்டில்தான் என் இடது முழங்கால் வலி அதிகமானது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், குருத்தெலும்புத் தேய்மானத்தின் தொடக்கம் என்றார். எடையைக் குறைக்கவும், தொடைத் தசைக்கான பயிற்சிகளைச் செய்யவும், “நிற்கும்போது சரியாக நில்லுங்கள்” என்றும் அறிவுறுத்தினார். நானும் முயன்றேன். காலை முதல் பாடவேளையில் நிமிர்ந்து நிற்பேன். பாடம் சூடுபிடித்ததும் மறந்துவிடுவேன். மாலையில் வீட்டுக்கு வந்து காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் தோன்றியது: அந்த மாணவிக்கு நான் சொன்னதும் எனக்கு மருத்துவர் சொன்னதும் ஒரே வகை அறிவுரை அல்லவா? இருவருமே “சரி” என்றோம். இருவராலும் அதைக் கடைப்பிடிக்க முடியவில்லை.

அறிவுரையில் இல்லாத தகவல்

என் சித்தி மகள் சென்னையில் பிசியோதெரபிஸ்ட்டாகப் பணிபுரிகிறாள். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருந்தவள், சமையலறையில் நான் வேலை செய்வதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அக்கா, அடுப்புலேர்ந்து தொட்டிப் பக்கம் திரும்புறப்போ உங்க கால் தரையோடவே ஒட்டிக்கிட்டு இருக்கு, கவனிச்சீங்களா? இடுப்புக்கு மேலதான் திரும்புறீங்க.”

நான் கவனித்ததே இல்லை. மறுநாள் வகுப்பில் கவனித்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டே, மாணவர்களைப் பார்க்க எப்போதும் ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறேன். பாதங்கள் பலகையை நோக்கியபடியே இருக்கின்றன. அந்தத் திருகலின் ஒரு பங்கை முழங்கால் ஏற்கிறது. முழங்கால் முக்கியமாக மடக்கவும் நீட்டவும் அமைந்த மூட்டு. எடையைத் தாங்கி நிற்கும்போது திருகுவது அதற்கு உகந்ததன்று. ஒரு பாடவேளைக்கு இருபது முறை என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு நூறு முறைக்கு மேல் ஆகிறது. எத்தனை ஆண்டுகளாக இப்படிச் செய்துவருகிறேனோ!

“சரியாக நில்லுங்கள்” என்ற அறிவுரையில் இந்தத் தகவல் இல்லை. நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாதவரை, அதை மாற்றுவதும் என் கையில் இல்லை. இதைத்தான் என் தங்கை எனக்கு விளக்கினாள். இந்த எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட ஒரு கற்றல்முறை இருக்கிறது என்று சொல்லி, மோஷே ஃபெல்டன்கிரைஸ் என்பவரின் பெயரையும் அவள்தான் அறிமுகப்படுத்தினாள்.

ஒரு பொறியாளரின் முழங்கால்

ஃபெல்டன்கிரைஸ் 1904இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுட்டா என்ற ஊரில் பிறந்தவர். பதின்பருவத்திலேயே பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, கட்டடத் தொழிலாளியாகவும் பின்னர் மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுப்பவராகவும் வாழ்ந்தார். 1929இல் கால்பந்து விளையாடும்போது அவருடைய முழங்காலில் பலத்த காயம் ஏற்பட்டது. அதன்பின் பாரிஸ் சென்று பொறியியல் பயின்றார். அணு இயற்பியலறிஞர் ஃபிரெடெரிக் ஜோலியோ-கியூரியின் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

அங்கே 1933இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவைச் சந்தித்தார். கானோ தற்காப்புக்கலை ஆசான் மட்டுமல்லர். டோக்கியோவில் ஆசிரியர்களை உருவாக்கும் உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்த கல்வியாளர். குறைந்த முயற்சியில் நிறைந்த பயன் என்பது ஜூடோவின் அடிப்படைக் கோட்பாடு. அது ஃபெல்டன்கிரைஸை ஆழமாகப் பாதித்தது.

1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது பிரிட்டனுக்குத் தப்பிச் சென்று, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஆய்வில் ஈடுபட்டார். அந்த ஆண்டுகளில் முழங்கால் வலி மீண்டும் தீவிரமானது. அறுவைச் சிகிச்சையின் பலன் அக்காலத்தில் உறுதியற்றதாக இருந்தது. எனவே அவர் தன் நடையையே ஆராயத் தொடங்கினார். பாதம் எப்படி ஊன்றுகிறது, இடுப்பு எங்கே இறுகுகிறது, எந்தக் கோணத்தில் வலி வருகிறது என்று ஒரு பொறியாளர் இயந்திரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உடற்கூறியலும் நரம்பியலும் குழந்தை வளர்ச்சியும் கற்றார். 1949இல் தம் கருத்துகளை முதல் நூலாக எழுதினார். 1950களில் இஸ்ரேலில் இதையே முழுநேரப் பணியாகக் கொண்டார். அந்நாட்டின் முதல் பிரதமர் டேவிட் பென் குரியன், எழுபது வயதில் கடற்கரையில் தலைகீழாக நிற்கும் புகைப்படம் புகழ்பெற்றது. அவர் ஃபெல்டன்கிரைஸின் மாணவர். 1984இல் ஃபெல்டன்கிரைஸ் மறைந்தார்.

அவருடைய முறையில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று, ஆசிரியர் வாய்மொழியாக வழிகாட்ட, ஒரு குழுவினர் தாமே மெல்ல அசைந்து கற்பது. மற்றொன்று, பயிற்சி பெற்றவர் ஒருவரைத் தொட்டு அசைவை உணர்த்துவது. முதலாவதைத்தான் நான் இங்கே பேசுகிறேன். அதற்கு அவர் சிகிச்சை என்று பெயர் வைக்கவில்லை, ‘பாடம்’ என்றார். கற்றுக்கொள்பவரை நோயாளி என்று சொல்லவில்லை, ‘மாணவர்’ என்றார். ஆசிரியர்களாகிய நம்மை இது ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஏன் மெதுவாக, ஏன் சிறிதாக?

நம் உடற்பயிற்சி வகுப்புகளில் “இன்னும் உயரமா”, “இன்னும் வேகமா” என்பதே வழக்கமான கட்டளை. வலிமைக்கும் தாங்குதிறனுக்கும் அது தேவைதான். ஆனால் ஃபெல்டன்கிரைஸ் பாடத்தில் அசைவு சிறியது, வேகம் குறைவு, இடையிடையே ஓய்வு உண்டு. இதற்கு ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் வேபர், நாம் ஒரு மாற்றத்தை உணர்வதற்கு அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். ஏற்கெனவே உள்ள தூண்டலின் அளவைப் பொறுத்தே அது அமையும் என்று கண்டார். வகுப்பில் இதை எளிதாக விளக்கலாம். தலையில் நெல்மூட்டை சுமப்பவருடைய மூட்டையில் ஒரு பிடி நெல்லைச் சேர்த்தால் அவருக்குத் தெரியாது. வெறும் உள்ளங்கையில் அதே ஒரு பிடி நெல்லை வைத்தால் உடனே தெரியும். தசையை முழுவலிமையோடு இறுக்கியிருப்பவருக்கு அதில் ஏற்படும் சிறு மாற்றம் புலப்படாது. முயற்சியைக் குறைத்தால்தான் வேறுபாடு தெரியும். வேறுபாடு தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

குழந்தைகள் முதலில் கற்பதும் இவ்வழியில்தான். குப்புற விழும் குழந்தைக்கு யாரும் செய்துகாட்டுவதில்லை, மதிப்பெண்ணும் போடுவதில்லை. காலைத் தூக்குகிறது, தலையைத் திருப்புகிறது, பாதிவழியில் மல்லாந்து விழுகிறது, மீண்டும் வேறு விதமாக முயல்கிறது. ஒரே செயலைப் பல விதமாகச் செய்துபார்த்து, எளிதானதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது.

நாற்காலியில் ஒரு பாடம்

ஆசிரியர் ஓய்வறையில் பத்து நிமிடத்தில் இதைச் செய்துபார்க்கலாம். கைப்பிடியில்லாத நாற்காலியின் முன்பகுதியில், முதுகு சாயாமல், இரு பாதங்களும் தரையில் பதியும்படி உட்காருங்கள்.

முதலில், வலப்பக்கமாகச் சிரமமின்றித் திரும்புங்கள். சுவரில் உங்கள் பார்வை எந்த இடத்தில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலண்டராக இருக்கலாம், சன்னல் கம்பியாக இருக்கலாம். எட்டிப் பிடிக்க முயல வேண்டாம்.

இரண்டாவதாக, பாதித் தூரம் வலப்பக்கம் திரும்பி அங்கேயே இருங்கள். உடல் அசையாமல், தலையை மட்டும் மெதுவாக நடுவுக்கும் வலப்பக்கத்துக்கும் ஐந்தாறு முறை கொண்டுசெல்லுங்கள். நடுவுக்கு வந்து ஓய்வெடுங்கள்.

மூன்றாவதாக, மீண்டும் பாதித் திருப்பத்தில் நின்று, தலை அசையாமல் கண்களை மட்டும் இடம் வலமாக நகர்த்துங்கள். மூச்சை அடக்குகிறீர்களா என்று கவனியுங்கள். ஓய்வெடுங்கள்.

நான்காவதாக, உடலும் தலையும் வலப்பக்கம் செல்லும்போது கண்கள் இடப்பக்கம் செல்லட்டும். முதலில் குழப்பமாக இருக்கும், சிரிப்பும் வரும். மெதுவாக நான்கைந்து முறை போதும்.

ஐந்தாவதாக, திரும்பும்போது வலப் புட்டத்தின்மீது எடை கூடுவதையும், இட முழங்கால் சற்று முன்னால் நகர விரும்புவதையும் கவனியுங்கள். அதைத் தடுக்காதீர்கள்.

இறுதியாக, தொடக்கத்தில் செய்ததுபோலவே எளிதாகத் திரும்புங்கள். பெரும்பாலோருக்குப் பார்வை முதலில் நின்ற இடத்தைத் தாண்டிச் செல்லும். பிறகு இடப்பக்கம் திரும்பி ஒப்பிடுங்கள்.

பத்து நிமிடத்தில் எந்தத் தசையும் வளர்ந்துவிடவில்லை. நடந்தது என்ன? நம் முதுகெலும்பின் எல்லாப் பகுதியும் ஒரேபோல் திரும்புவதில்லை. தலையைத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி, கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையே நிகழ்கிறது. மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளும் சேர்ந்து கணிசமாகத் திரும்பும். இடுப்புப் பகுதியின் ஐந்தும் மிகக் குறைவாகவே திரும்பும். பழக்கத்தால் நாம் இடுப்பையும் மார்பையும் இறுக்கி, வேலை முழுவதையும் கழுத்தின் மேல் சுமத்துகிறோம். கண், தலை, தோள், இடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக அசைத்துப் பார்த்தபின், ஒதுங்கியிருந்த பகுதிகளும் அசைவில் சேர்ந்துகொள்கின்றன என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். கரும்பலகையில் எழுதிவிட்டு நான் திரும்பும் முறை மாறியது இந்தப் பாடத்திற்குப் பிறகுதான். இப்போது முதலில் பாதம் நகர்கிறது, பிறகுதான் மற்றவை.

எழுவதும் படி ஏறுவதும்

நாற்காலியிலிருந்து எழும்போது நம்மில் பலர் கையால் தொடையை அழுத்தி, மூச்சைப் பிடித்து, ஒரு உந்து உந்தி எழுகிறோம். ஒருமுறை இப்படிப் பாருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டிலிருந்து முன்னே சாயுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர்மேலே வரும்போது எடை பாதங்களுக்கு மாறி, புட்டம் தானாகவே இலேசாகும். எழுந்து முடிக்க வேண்டியதில்லை. அங்கிருந்து திரும்ப அமருங்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் திரும்பி வர முடிகிற அசைவே நன்றாக அமைந்த அசைவு என்பது ஃபெல்டன்கிரைஸின் அளவுகோல்.

திருத்தணிக்காரர்களுக்குப் படிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முருகன் கோயிலுக்கு ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். டிசம்பர் 31ஆம் நாள் திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து ஏறுவார்கள். ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருந்த நான், வலி வந்தபின் வாகனத்தில் மலைப்பாதை வழியே போகத் தொடங்கியிருந்தேன். எழுபது வயதைக் கடந்த என் மாமியார் படியேறி வந்து மேலே எனக்காகக் காத்திருப்பார்.

அவர் ஏறுவதைப் பின்னர்தான் உற்றுப் பார்த்தேன். முழுப் பாதத்தையும் படியில் வைக்கிறார். எடை அந்தக் காலுக்கு முழுவதும் மாறும்வரை பின்காலை எடுப்பதில்லை. முழங்கால் கால்விரல் நோக்கும் திசையிலேயே மடங்குகிறது. நானோ முன்பாதத்தை மட்டும் படியின் விளிம்பில் வைத்து, பின்காலால் உந்தி ஏறிக்கொண்டிருந்தேன். இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அப்போது மேற்படியில் உள்ள காலின் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. முழங்கால் சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கடினமாக இருப்பது இதனால்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேனாவுக்கு ஒரு பாடம்

இனி அந்த மாணவி. “அழுத்தாதே” என்று சொல்வதை நிறுத்தினேன். வகுப்பு முழுவதற்கும் ஒரு விளையாட்டு வைத்தேன். “பேனாவை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பிடிச்சு ஒரு கோடு போடுங்க. இப்போ அதுல பாதி இறுக்கம். இன்னும் பாதி. இப்போ பேனா கையை விட்டு நழுவுற அளவுக்கு லேசா. நழுவாம இருக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும்.” ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு ஒரு வரி, தோளைத் தளர்த்தி ஒரு வரி. எது எளிது என்று நான் சொல்லவில்லை.

அவள் தன் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, “டீச்சர், நான் எப்பவும் மொத கோடு மாதிரியே எழுதுறேன்” என்றாள். ஓராண்டாக நான் சொல்லியும் அவளுக்குத் தெரியாத ஒன்று, அவள் விரலுக்கு அன்று தெரிந்தது. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் அதன்பின் எழுதும்போது தானே நிறுத்தி, தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அரையாண்டுத் தேர்வில் எல்லா வினாக்களையும் முயன்றிருந்தாள்.

“நேராக உட்கார்” என்பதற்கும் இதே வழி உண்டு. முதலில் நன்றாகக் கூன் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பிறகு விறைப்பாக நிமிரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையே மெதுவாகப் பல முறை போய்வரட்டும். புட்டத்தின் அடியிலுள்ள இரு எலும்புகள் பலகையில் எங்கே அழுந்துகின்றன என்று கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு எளிதாக வருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புக் குழந்தைகளுக்கு இது விளையாட்டு. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மூன்றாவது பாடவேளைக்குப் பின் கிடைக்கும் இரண்டு நிமிட இளைப்பாறல்.

நம் ஊரில் உள்ள உறவு

இந்த எண்ணம் நமக்கு முற்றிலும் புதிதன்று. சென்னையில் நீண்டகாலம் வாழ்ந்து 1989இல் மறைந்த யோகாசான் டி. கிருஷ்ணமாச்சாரியா, ஒருவரின் வயது, உடல்நிலை, தேவை ஆகியவற்றுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றிக் கற்பித்தார். அசைவை மூச்சோடு இணைத்தார். பொறியியல் படித்த அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை நிறுவி அதைத் தொடர்ந்தார். இரு முறைகளும் ஒன்றல்ல. ஆனால் ஆசனத்துக்காக ஆளை வளைக்காமல், ஆளுக்காக ஆசனத்தை மாற்றுவது என்ற பார்வையில் அவை நெருங்கிவருகின்றன.

எல்லைகள்

இம்முறையைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லக் கூடாது. 2015இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 20 கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். முதியோரின் உடல் சமநிலை போன்றவற்றில் நம்பிக்கை தரும் முடிவுகள் இருந்தன. ஆனால் பல ஆய்வுகளின் தரம் போதுமானதாக இல்லை என்றும் குறிப்பிட்டனர். சான்று போதாது என்பதால், அந்நாட்டு அரசு 2019இல் இதையும் வேறு பல முறைகளையும் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து நீக்கியது. அறுவைச் சிகிச்சையைத் தவிர்த்தது ஃபெல்டன்கிரைஸின் சொந்த முடிவு. நமக்கு அது முன்மாதிரி அல்ல. என் முழங்காலைப் பொறுத்தவரை, மருத்துவர் சொன்ன தொடைப் பயிற்சியை நான் விடவில்லை. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

ஆகவே, மூட்டில் வீக்கம், காலுக்கோ கைக்கோ இறங்கும் மரத்துப்போதல், தலைச்சுற்றல், விழுந்தபின் வந்த வலி இவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். எந்த அசைவும் வலிக்கும் எல்லைக்கு முன்பே நிற்க வேண்டும். மாற்றுத்திறன் மாணவர்களுக்கு வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவர் வகுத்த பயிற்சியே வழி. நாமாக எதையும் சேர்க்கக் கூடாது. வகுப்பில் யாரையும் தொட்டுத் திருத்த வேண்டாம். யாருடைய உடலையும் எடுத்துக்காட்டாக முன்னிறுத்த வேண்டாம்.

இந்த ஊரில் பிறந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தநாளில் ஆண்டுதோறும் நமக்கு வாழ்த்துகள் வருகின்றன. அன்றும் மறுநாளும் நாம் நின்றுகொண்டேதான் பாடம் நடத்துகிறோம். வலியை ‘ஆசிரியர் வேலையென்றால் அப்படித்தான்’ என்று ஏற்றுக்கொள்வதற்கு முன், ஒரு வாரம் உங்களை நீங்களே கவனித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள், எந்தக் காலில் சாய்ந்து நிற்கிறீர்கள், சாக்பீஸை எவ்வளவு இறுக்குகிறீர்கள்? அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையின்போது நாற்காலிப் பாடத்தை நான்கு பேர் சேர்ந்து செய்து பார்க்கலாம்.

சென்ற திருப்படித் திருவிழாவில் நானும் படியேறினேன். நூறாவது படியிலும் இருநூறாவது படியிலும் நின்று ஓய்வெடுத்தேன். மாமியார் எனக்கு முன்னால்தான் சென்றார். ஆனால் இந்த முறை அவர் மேலே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.